பின்னால் பார்க்கிற பெட்டி

டிச. 8, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். ஏரிப் பக்கம் வானமும் தண்ணியும் ஒரே சாம்பல்.

வெட்கக்கேட்டை முதலில் எழுதிவிடுகிறேன், ஆறிப்போனால் மனம் வராது. இன்று பூசையில், வலது சுட்டுவிரலில் ஒரு ரயில் ஜன்னல் ஒட்டியிருக்க, நன்மை அப்பம் வாங்கினேன். காலையில் பசை போட்டது. ஜன்னல் பெட்டியில் ஒட்டவில்லை, என்மேல் ஒட்டியது. வெந்நீர், உப்பு, தேங்காய் எண்ணெய், வீட்டுக்காரி ரோசியின் வசவு, எதற்கும் அசையவில்லை. இரண்டாம் மணியும் அடித்துவிட்டது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போலீஸ் முன் நிற்கிறவன் மாதிரி போய் வாயை மட்டும் திறந்தேன்.

வெளியே வந்ததும் பக்கத்து வீட்டு பிலோமினா பிடித்துவிட்டாள். ஊரில் எது நடந்தாலும் முதல் பிரதி அவளிடம்தான்.

"இன்னாண்ணா, கல்லு வெச்ச மோதிரமா? ரோசிக்குத் தெரியுமா?"

மத்தியானத்துக்குள் நான் மோதிரம் போட்ட மேற்றிராணியார், அதாவது பிஷப், ஆகிவிட்டதாக ஊர் முழுக்கச் செய்தி.

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலில் வருஷா வருஷம் ரயில் ஓடும். பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தி நடுவே ஓடிக்கொண்டிருந்த பொம்மை ரயில். மண்டபம் மூடி, அனுப்பம்பட்டு காயலான் கடைக்கு வந்தது, அங்கிருந்து என்னிடம். பெட்டி ஒவ்வொன்றும் முழங்கை நீளம். இந்த வருஷம் கடைசிப் பெட்டியைக் கண்ணாடிப் பெட்டியாக மாற்றுகிறேன். மலை ரயிலில் வாலில் மாட்டுவார்களே, பின்பக்கம் முழுக்கக் கண்ணாடி, உட்கார்ந்தபடி கடந்து போனதையெல்லாம் பார்க்கலாம், அது. ஊருக்கு ரயிலே கிடையாது. எனக்கு மட்டும் கண்ணாடிப் பெட்டி.

சாயங்காலம் ஜன்னல் தானே கழன்றது. கொஞ்சம் தோலோடு.


டிச. 10, செவ்வாய்

மழை இல்லை. கடையில் ரிப்பேருக்கு இரண்டு மிக்சி, ஒரு டிவி ரிமோட். ரிமோட்டுக்குள் கரப்பான் குடும்பம், தாத்தா முதல் பேரன் வரை.

பெட்டி வேலை:
பின் சுவரை அறுப்பது. (அறுத்தாச்சு. கோணல்.)
வளைந்த கண்ணாடிக்கு: அரை லிட்டர் தண்ணி பாட்டிலின் தோள்பட்டை. கச்சிதமாக உட்காருகிறது. இதற்குப் போய் மூன்று நாள் யோசித்தேன்.
சோபாவுக்கு சிவப்பு வெல்வெட். ரோசியின் பழைய ஜாக்கெட். கேட்கக் கூடாது, எடுக்க வேண்டும்.
வால் பக்கம் கனம் இல்லை, வளைவில் துள்ளுகிறது. ஈயம் வேண்டும்.

ஈயத்துக்கு முன்னறைக்குப் போனேன். அங்கே சூசை மச்சான். ரோசியின் அண்ணன், அறுபது வயது, மனைவி போய்ச் சேர்ந்து நாளாச்சு. ஆவணியில் படகைக் கரையேற்றும்போது சேற்றில் வழுக்கினார், படகு தொடைமேல் உட்கார்ந்தது. பிளேட் வைத்து ஆபரேஷன். "எலும்பு கூடிடுச்சு, நடக்க வைங்க" என்று டாக்டர் சொல்லி மாசம் ஆகிறது. வாக்கர் வாங்கி வைத்திருக்கிறோம். ரோசி அதில் துண்டு காயப்போடுகிறாள். மச்சான் எங்கள் முன்னறையில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். பேச்சு இல்லை. சாப்பாடு என்றால் சாப்பிடுகிறார்.

"மச்சான், உன் பழைய வலைல கொஞ்சம் ஈயக்குண்டு எடுத்துக்கவா? பெட்டிக்கு."

திரும்பவில்லை.

"எட்த்துக்கோ. வலையே எட்த்துக்கோ. எனக்கு இன்னாத்துக்கு இனிமே."

நான்கு குண்டு எடுத்துக்கொண்டு வந்தேன். சமையலறையில் ரோசி அழுதுகொண்டிருந்தாள். வெங்காயம் எதுவும் இல்லை, பார்த்தேன்.

29ஆம் தேதி பாட்டுச் சீட்டு. ஏரியில் எவனும் நினைத்த இடத்தில் வலை போட்டுவிட முடியாது. எந்த நாள் யாருக்கு எந்தப் பாடு, அதாவது எந்த இடத்தில் வலை, என்று ஊர்க் கூட்டத்தில் சீட்டுக் குலுக்குவார்கள். எங்கள் ஊர் வழக்கம், ஆள் நேரில் வர வேண்டும். வராதவனுக்கு அந்தச் சுற்று கிடையாது. மச்சான் பெயர் இல்லாத சுற்று இதுவரை இருந்ததில்லை. "நான் வரலைன்னு தலைவராண்ட சொல்லிடு" என்று நேற்றே ரோசியிடம் சொல்லியிருக்கிறார்.

(எனக்குத் தெரிந்ததை எனக்கே விளக்கிக்கொண்டிருக்கிறேன். கஸ்டமரிடம் பேசிப் பேசி வந்த வியாதி.)

ரோசி இன்னும் சொல்லவில்லை. மறந்துவிட்டதாக நடிக்கிறாள். இருபத்தைந்து வருஷத்தில் அவள் எதையும் மறந்து நான் பார்த்ததில்லை, குறிப்பாக என் தப்புகளை.


டிச. 13, வெள்ளி

வெயில். ஏரிக் காற்று.

முதல் ஓட்டம். நான்கு குண்டும் போட்டதில் வால் கனத்து இஞ்சின் முக்கியது. இரண்டை எடுத்தேன். பறந்தது. வளைவில் கண்ணாடிப் பெட்டி மட்டும் தனியாக முடிவெடுத்து, குடிலுக்குள் நுழைந்து, ஒரு இடையனையும் இரண்டு ஆடுகளையும் தள்ளிக்கொண்டு மாட்டின் காலடியில் நின்றது.

ரோசி: "சொரூபம் ஒடஞ்சா நீதான் அங்க முட்டி போட்டு நிக்கணும், இடையனா."

மூன்று குண்டு. சரி. சோபா போட்டாச்சு. ஜாக்கெட் காணாமல் போனதை இன்னும் கவனிக்கவில்லை.


டிச. 16, திங்கள்

ஃபாதர் குடில் பார்க்க வந்தார். குடிலின் மூன்று ராஜா சொரூபங்களும் கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு சோபாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொஞ்சம் நின்றார்.

"ராஜாக்கள் கிழக்கிலேருந்து வரணும், தெரியுமில்ல?"

"ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தடவை கிழக்குலேருந்துதான் வர்றாங்க ஃபாதர்."

"ஒட்டகம்?"

"டிக்கெட் கிடைக்கல."

சிரித்தார். அச்சு முறுக்கு நான்கு. பிறகு முன்னறைக்குள் போனார். மச்சான் தூங்குவதாக நடித்தார். ஃபாதர் அதை நம்புவதாக நடித்தார். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "ஜன்னல் பக்கமாவது திரும்பிப் படுக்க வைங்க" என்றார்.

ஜன்னலில் என்ன தெரியும்? பிலோமினாவின் கொடி. அதில் அவள் நைட்டிகள். ஏரி தெரியாது. அந்த மனிதர் ஏரியைப் பார்த்து நான்கு மாதமாகிறது.

ஜாக்கெட்டைக் கவனித்துவிட்டாள்.


டிச. 18, புதன்

பொன்னேரி. பஸ்ஸில் நின்றுகொண்டே போய், நின்றுகொண்டே வந்தேன். கார் சாமான் கடையில் ரிவர்ஸ் கேமரா ஒன்று, கம்பியில்லாதது, கையகலத் திரையோடு.

கடைக்காரர்: "இன்னா கார் சார்?"

"ரயில்."

மேலே எதுவும் கேட்கவில்லை. நல்ல மனிதர்.

யோசனை இதுதான். கேமராவைக் கண்ணாடிப் பெட்டியின் வாலில் பொருத்துவது. பழைய லேப்டாப் செல் மூன்றைக் கோர்த்து சோபாவுக்கு அடியில். குடிலைச் சுற்றி பெத்லகேமுக்குப் பதிலாக எங்கள் கரை. அட்டையில் கோயில் மணிக்கூண்டு, தண்ணித் தொட்டி, செல்போன் டவர், ஐஸ் கம்பெனி. நடுவில் நீல பாலித்தீனில் ஏரி. திரை மச்சான் அறையில்.

கரையை எப்படி அமைப்பது என்பதற்கு, போன திருவிழாவில் பிலோமினா மகன் படகிலிருந்து போனில் எடுத்த போட்டோவைப் பார்த்துக்கொண்டேன். நானாக அமைக்க முடியாது. நான் பொன்னேரிக்காரன், போஸ்ட்மேன் மகன். கல்யாணத்துக்குப் பிறகு மூன்று முறை ஏரிக்குள் போயிருக்கிறேன். மூன்று முறையும் கண்ணை மூடிக்கொண்டு பலகையைக் கட்டிப் பிடித்தபடி.


டிச. 19, வியாழன்

பிலோமினாவின் மகன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவன் டிரில்லிங் மெஷின் கொடுத்தான். மச்சான் எந்தச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாரோ, அதே சுவரில், அவர் மூக்குக்கு எதிரே, திரையை மாட்டினேன். டிரில் சத்தத்துக்கும் கண் திறக்கவில்லை. அந்தப் பக்கம் திரும்பினால் நைட்டி, இந்தப் பக்கம் ரயில். எது வேண்டுமோ பார்க்கட்டும்.

ரயிலை விட்டுவிட்டுக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. பொடிந்த சுண்ணாம்பு தோள்மேல் அப்படியே. அசைவில்லை.

ஒரு மணி நேரம் ஓட்டினேன். பேட்டரி தீர்ந்தது. எனக்கும்.


டிச. 20, வெள்ளி

மேகம். காற்று மாறியிருக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு எல்லாக் காற்றும் ஒன்று.

காபி குடித்துக்கொண்டே சும்மா ரயிலை ஓட விட்டேன். உள்ளேயிருந்து:

"யோவ் மச்சான்."

டம்ளரைக் கீழே வைத்தேன். ரோசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா மச்சான்?"

"எவன்யா மணிக்கூண்டை எட்த்து பீச்சாங்கை பக்கம் வெச்சது?"

உள்ளே போனேன். சுவரைப் பார்த்தபடிதான் இருக்கிறார். ஆனால் தலைக்கு அடியில் கை கொடுத்து, தலை கொஞ்சம் உயர்ந்திருந்தது.

"தண்ணிலேருந்து திரும்பிப் பாத்தா மொதல்ல தொட்டி. தொட்டிக்கு சோத்தாங்கை பக்கம் மணிக்கூண்டு. ரெண்டும் ஒட்டி நின்னா ஆழம். வெலகிச்சுன்னா சேறு. நீ வெச்சிகீற கரையை நம்பிப் போனா படகு சேத்துல போய் குந்திக்கும்."

"போட்டோவப் பாத்துதான வெச்சேன்."

"போட்டோ பொய் சொல்லும். என் கண்ணு சொல்லுமா?"

போனில் எடுக்கிற படம் சில நேரம் இடவலம் மாறிப்போகும் என்று கடையில் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ரோசி வேறு, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும், மாத்து" என்றாள். மணிக்கூண்டைப் பிடுங்கித் தொட்டிக்கு அந்தப் பக்கம் நட்டேன்.

"இப்போ?"

"டவரு?"

டவரையும் மாற்றினேன். ஐஸ் கம்பெனியையும். உள்ளேயிருந்து உறுமல். திருப்தி உறுமலா என்று தெரியவில்லை, ஆனால் உறுமல்.

மத்தியானம் சோறு கொண்டுபோனபோது தானாகவே பேசினார்.

"இது இன்னாத்துக்கு பின்னாடி பாக்குது?"

"அதான் கண்ணாடிப் பெட்டி. கடந்து போனதைப் பாக்கறதுக்கு."

"நாங்களும் பின்னாடி பாத்துத்தான் போவோம். முன்னாடி தண்ணி தவுர இன்னா கீது பாக்க?"

திரையில் பார்க்கிங் கோடுகள் விழுகின்றன, பச்சை, மஞ்சள், சிவப்பு. அழிக்கத் தெரியவில்லை. மச்சானுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. "மஞ்சக் கோடு மேல தொட்டி வந்தா எறா பாடு" என்கிறார். என் குடிலில் இறால் பாடு இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும்.


டிச. 22, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

பூசை முடிந்து வந்து காலையிலிருந்து ஒரே சத்தம். "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட." "அய்ய, அவ்ளோ இல்ல." "மணிக்கூண்டு தொட்டி தோள் மேல ஏறணும்யா, தலை மேல இல்ல." அவர் முன்னறையில், நான் கூடத்தில் மேசையடியில் முட்டி போட்டு. இடையனாகிவிட்டேன், ரோசி சொன்னபடியே.

"ராஜாங்க மறைக்கறாங்க. எறக்கு."

ராஜாக்களை முன் பெட்டிக்கு மாற்றினேன். சோபா இல்லாத சாதாரண வகுப்பு.

"வாலு ஆடுது. ஈயம் பத்தல."

"மூணு போட்டிருக்கேன் மச்சான்."

"எங்க போட்ட?"

"அடில, நடுவுல."

"அட கூறுகெட்டவனே, ஈயத்தை நடுவுலயா போடுவ? உன்னியெல்லாம்..."

பாதியில் நின்றது. பிறகு கட்டில் கிறீச்சிட்டது. பிறகு ஏதோ துணி கீழே விழுகிற சத்தம். வாக்கரில் ரோசி காயப்போட்ட துண்டு. பிறகு டக். இடைவெளி. டக்.

நான் தலை நிமிரவில்லை. பார்த்தால் நின்றுவிடுவார் என்று பயம். தண்டவாளத்தில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சமையலறை வாசலில் ரோசி கரண்டியோடு நின்றாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அவளும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். டக். டக்.

மேசையைச் சுற்றி இடம் கிடையாது. வாக்கரும் நாற்காலியும் போடத் தோதான ஒரே இடம் குடிலின் பின்புறம், காக்கிக் காகித மலைகளுக்குப் பின்னால். அங்கே உட்கார்ந்தால் மலைகளின் முதுகும் ஒட்டுநாடாவும்தான் தெரியும். முன்பக்கம் வர இடம் பண்ணுகிறேன் என்றேன்.

"உன் மேசையைப் பாத்து நான் இன்னா பண்றது? பெட்டிலேருந்து தெரியறது போதும். அந்த டிவியைக் கழட்டிக் குடு."

திரையைக் கழற்றி மடியில் வைத்தேன். கண்ணாடிப் பெட்டியைக் கவிழ்த்துக் கையில் கொடுத்தேன். ஈயக்குண்டை விரலாலேயே நசுக்கி, அச்சுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் சமமாக மடித்துவிட்டார், வலையின் அடிக்கயிற்றில் போடுகிற மாதிரி. ஓட்டினோம். வால் அசையவே இல்லை. வளைவில் தண்ணியில் போகிற மாதிரி போனது.

மத்தியானம் வரை அப்படியே. அவர் திரையைப் பார்த்துச் சொல்ல, நான் அட்டைகளை நகர்த்த. குழம்பு தீய்ந்தது. அதையே ஊற்றித் தின்றோம், ரோசிகூட.


டிச. 25, புதன்

கிறிஸ்துமஸ். விடியலில் பனி. புதுச் சட்டை கழுத்தில் குத்துகிறது.

ஊரே வந்து குடில் பார்த்தது. மச்சான் மலைகளுக்குப் பின்னால், புது வேட்டியில், கையில் திரை. வந்த ஆண்கள் எல்லோரும் அவர் பின்னால் போய் நின்று தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். கூட்டம் தாங்காமல் அவரே முறை வைத்தார்: "ஒருத்தனுக்கு ரெண்டு சுத்து. அப்பால எறங்கு, அடுத்தவன் பாடு." ஏரிக்காரர்கள் சத்தம் போடாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

பெண்கள் முன்பக்கம் நின்று மேசையைப் பார்த்தார்கள்.

பிலோமினா: "இன்னாண்ணா, கோயிலு டேங்குக்கு இந்தாண்ட வந்துட்டுது? ஊரையே அப்பளம் மாதிரி திருப்பிப் போட்டு வெச்சிகீற."

பின்னாலிருந்து ஆண்கள் குரல்: "எல்லாம் கரெக்டா கீது, போம்மா."

"கோயில் வாசல்ல தெனம் பூ விக்கறவ நானு. எனக்குத் தெரியாதா?"

மச்சான்: "தண்ணில நின்னு பாருடி, தெரியும்."

ஆண்கள் எல்லோரும் ஒரு பக்கம். பெண்கள் எல்லோரும் ஒரு பக்கம். நான் மட்டும் மேசைக்கு அடியில், ஒயர் கழன்றது மாதிரி பாவனை செய்துகொண்டு.

மச்சான் மூன்று அச்சு முறுக்கு தின்றார். இரண்டு தடவை சிரித்தார். ஒன்று என்னைப் பார்த்து, அந்த விரல் கதையை பிலோமினா சொன்னபோது. பரவாயில்லை. பத்து விரலிலும் ஜன்னல் ஒட்டிக்கொள்ளலாம்.

29ஐப் பற்றி யாரும் பேசவில்லை.


டிச. 29, ஞாயிறு

வெயில். தண்ணி கண்ணைக் கூசவைக்கிறது.

காலையில் ரோசி மச்சானின் சட்டையை இஸ்திரி போட்டுக் கட்டில் விளிம்பில் வைத்தாள். பூசைக்குப் போய்விட்டு வந்தோம். சட்டை அங்கேயே. மச்சான் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். திரை அணைந்திருந்தது. ரோசி சட்டையை எடுத்து மடித்தாள். நான் கூட்டத்துக்குப் போய்த் தலைவரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன்.

கூட்டத்துக்குள் எனக்கு இடம் கிடையாது, பாடு இல்லாதவன். வேப்பமரத்தடியில் நின்றேன். பெயர் பெயராகக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருவனும் போய்க் குடத்தில் கை விட்டான். தலைவர் "சூசை" என்றார். யாரும் எழவில்லை. எல்லோர் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் வாயைத் திறந்தேன்.

எனக்குப் பின்னால்: டக். இடைவெளி. டக்.

இஸ்திரி போட்ட சட்டை, மடிப்புக் கலைந்து. நெற்றியெல்லாம் வேர்வை. நாலடி பின்னால் ரோசி, தொட்டுவிடக் கூடாது என்று இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு.

"இன்னாபா, செத்துட்டன்னு நெனச்சீங்களா? குடத்தை இப்டி தள்ளு."

குடத்தை அவர் முன்னால் நகர்த்திவைத்தார்கள். சீட்டு எடுத்தார். எறா பாடு. பொங்கல் கழிந்து.

திரும்பும் வழியில் என் தோளைப் பிடித்துக்கொண்டார். கனம். ஈயம் மாதிரி கனம். எனக்கு வேறு யாரையும் பற்றி வம்பு பேசத் தோன்றவில்லை. இது என் வாழ்க்கையில் முதல்முறை.

"மச்சான், அந்தப் பொட்டி இல்லன்னா தொட்டியும் மணிக்கூண்டும் மறந்தே போயிருக்கும்யா" என்றார்.


டிச. 30, திங்கள்

கடைக்கு லீவு விட்டேன். காரணம் ஒன்றுமில்லை.

மச்சான் வாக்கரோடு கரைக்குப் போய்விட்டார். வலை பார்க்க. ஈயக்குண்டு நான்கு குறைகிறது, யார் எடுத்தது என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்.

ராஜாக்கள் திருநாள் வரை குடில் இருக்கும். செல்லை சார்ஜ் போடக் கண்ணாடிப் பெட்டியைத் தண்டவாளத்திலிருந்து எடுத்தேன். எடுத்த கையோடு சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். நாற்காலிமேல் கிடந்த திரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் எங்கள் தினசரிக் காலண்டர். இன்றைய தேதியில் பூஜ்யம் முன்னால், மூன்று பின்னால், அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டு.

ரிவர்ஸ் கேமரா, டிரைவர் பின்னால் பார்க்கிற கண்ணாடி மாதிரி. எல்லாவற்றையும் இடவலம் மாற்றித்தான் காட்டும்.

மணிக்கூண்டு முதல் நாளே சரியான இடத்தில்தான் இருந்திருக்கிறது.